குடிபோதையில் உடைத்த இளைஞர், பெட்டியில் கிடந்த 37 சில்லுகள்: 2,000 ஆண்டு பழைய கண்ணாடி ஜாடியை மூன்று முறை ஒட்டியது எப்படி?

1845 பிப்ரவரி 7. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம். மாலை 3.45 மணி இருக்கும்.

ஓர் அறையில் இருந்து பெரிய சத்தம் கேட்டது. காவலர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஒரு கண்ணாடிப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. அதற்குள் இருந்த நீலநிற ஜாடி 200-க்கும் மேற்பட்ட துண்டுகளாகத் தரையில் சிதறியிருந்தது.

வாசல் கதவுகள் உடனே அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்களை விசாரித்தபோது ஓர் இளைஞர், 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டார். அருகில் இருந்த கல் சிற்பம் ஒன்றைத் தூக்கி, ஜாடியின் மீது வீசியிருக்கிறார்.

உடைந்தது சாதாரண ஜாடி அல்ல. ரோமானியர்கள் செய்த கண்ணாடிப் பொருட்களிலேயே மிகவும் பெயர்பெற்றது. 'போர்ட்லாண்ட் ஜாடி' என்று அதைச் சொல்வார்கள். அன்று உடைந்த அந்த ஜாடி இன்றும் அதே அருங்காட்சியகத்தில் முழுசாக நிற்கிறது. எப்படி? அந்தக் கதையில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. ஜாடியைக் காப்பாற்ற, நிபுணர்களே அதை மறுபடியும் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்படி என்ன இருக்கிறது இந்த ஜாடியில்?

உயரம் சுமார் 24.5 சென்டிமீட்டர். அதாவது, நம் வீட்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் குட்டை. இதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஆளுயரத்துக்கு இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

கருநீலக் கண்ணாடி. அதன் மேல் வெள்ளை நிறத்தில் உருவங்கள். ஜாடியைச் சுற்றி ஏழு மனித உருவங்கள், மரங்கள், ஒரு பாம்பு. கைப்பிடிகளுக்குக் கீழே கொம்பு முளைத்த இரண்டு தாடி முகங்கள். உருவங்கள் ஒட்டவைத்தவை அல்ல, வரைந்தவையும் அல்ல. எல்லாமே செதுக்கியவை.

செய்த காலம், ஏறக்குறைய கி.பி. 1 முதல் 25-க்குள். புதுச்சேரி பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டுக்கு ரோமானிய மது ஜாடிகள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலகட்டம்தான். கண்ணாடியை ஊதிச் செய்யும் தொழில்நுட்பமே அப்போது புதுசு. அது கண்டுபிடிக்கப்பட்டு சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன.

இதைச் செய்த முறை பற்றி நிபுணர்கள் பலரும் ஏற்கும் விளக்கம் இது. முதலில் ஊதுகுழலின் நுனியில் நீலக் கண்ணாடியைச் சிறு குமிழாக ஊதுவார்கள். சூடு ஆறுவதற்குள், உருகிய வெள்ளைக் கண்ணாடியில் அதன் முக்கால் பாகத்தை முக்கி எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து மறுபடி ஊதினால், உள்ளே நீலமும் வெளியே வெள்ளையுமாக இரண்டு அடுக்கு ஜாடி கிடைக்கும். அதை மெல்ல ஆறவைத்த பிறகு, ரத்தினக் கல்லில் உருவம் செதுக்கும் கைவினைஞரிடம் கொடுப்பார்கள். அவர் வெள்ளை அடுக்கைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க, உருவங்கள் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். மற்ற இடங்களில் நீலம் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு கண்ணாடிகளும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். ஒன்று கூடவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்கினால் விரிசல்தான். அதையும் தாண்டி வந்துவிட்டால், செதுக்கும்போது உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் அதுவரை பட்ட பாடு வீண். வெள்ளை அடுக்கு மெலிதாக உள்ள இடங்களில் உள்ளே இருக்கும் நீலம் மங்கலாகத் தெரியும். ஆடை மடிப்புகளுக்கும் நிழலுக்கும் அதையே அந்தக் கைவினைஞர் பயன்படுத்தியிருக்கிறார்.

இது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், இதே மாதிரி கண்ணாடியில் ஒன்றைச் செய்பவருக்கு 1,000 பவுண்டு பரிசு என்று பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்ற கண்ணாடித் தொழிலதிபர் அறிவித்தார். பிலிப் பார்கெட்டர் இரண்டு அடுக்கு ஜாடியைத் தயார் செய்து கொடுக்க, ஜான் நார்த்வுட் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து செதுக்கினார். 1876-இல் முடித்தார். அந்த ஜாடியும் விரிசல் விட்டதுதான் கொடுமை. அது இப்போது அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜாடியில் உள்ள உருவங்கள் யார் என்பதில் மட்டும் இன்றுவரை அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. கிரேக்கப் புராணத்தின் பெலியஸ் - தெடிஸ் திருமணக் காட்சி என்கிறது ஒரு தரப்பு. இல்லை, பேரரசர் அகஸ்டஸின் குடும்பக் கதை என்கிறது இன்னொரு தரப்பு. பறந்து வரும் சின்ன மன்மதனைத் தவிர, மற்ற யாரையும் உறுதியாக அடையாளம் சொல்ல முடியவில்லை.

லண்டனுக்கு எப்படி வந்தது?

1600-1601 வாக்கில் ரோம் நகரில் கார்டினல் டெல் மான்டே என்ற மதகுருவிடம் இந்த ஜாடி இருந்தது. அதைப் பற்றிக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். பிறகு பார்பெரினி என்ற செல்வாக்கான குடும்பத்திடம் சுமார் 150 ஆண்டுகள். அந்தக் குடும்பத்தில் வந்த ஓர் இளவரசி, சீட்டாட்டக் கடனை அடைக்க இதை விற்றார் என்று சொல்வார்கள்.

அடுத்து, நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் கைக்கு வந்தது. அவரிடம் இருந்து 1784-இல் போர்ட்லாண்ட் சீமாட்டி வாங்கினார். ஜாடியின் பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். மறு ஆண்டே சீமாட்டி இறந்துபோக, 1786-இல் நடந்த ஏலத்தில் அவர் மகனே அதை எடுத்தார். எடுத்த கையோடு, புகழ்பெற்ற பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு இரவல் கொடுத்தார்.

வெட்ஜ்வுட் சுமார் நான்கு ஆண்டுகள் போராடி, கறுப்பு மண்பாண்டத்தில் நகல் எடுத்தார். திருப்தியாக வந்த முதல் நகல்களில் ஒன்றைத் தன் நண்பர் எராஸ்மஸ் டார்வினுக்கு அனுப்பினார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினுக்கு வெட்ஜ்வுட் தாய்வழித் தாத்தா, எராஸ்மஸ் தந்தைவழித் தாத்தா. ஒரு ஜாடி எங்கெல்லாம் போய் நிற்கிறது பாருங்கள்!

1810-இல் குடும்ப நண்பர் ஒருவர் கைதவறி ஜாடியின் அடிப்பகுதியை உடைத்துவிட்டார். இனி வீட்டில் வைத்தால் சரிப்படாது என்று நினைத்த நான்காவது போர்ட்லாண்ட் பிரபு, பத்திரமாக இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்.

பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த இடத்தில்தான் அந்தக் கல் பறந்தது.

உடைத்தவருக்கு என்ன தண்டனை?

பிடிபட்டவர் தன் பெயர் வில்லியம் லாயிட் என்றார். ஒரு வாரமாகத் தொடர்ந்து குடித்ததால் மனம் நிலையில் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அருங்காட்சியகம் தனியாக விசாரித்ததில், அவர் உண்மையில் வில்லியம் முல்காஹி என்றும், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துக் காணாமல் போனவர் என்றும் தெரியவந்தது.

வழக்கு போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஒரு சட்டச் சிக்கல். வேண்டுமென்றே பொருட்களைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்கும் அன்றைய சட்டம், 5 பவுண்டுக்கு மேல் மதிப்பில்லாத பொருட்களுக்குத்தான் பொருந்தும். விலைமதிப்பற்ற ஜாடி அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை!

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜாடியை விட்டுவிட்டு, அதை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்த குற்றத்துக்குத் தண்டித்தார்கள். அபராதம் 3 பவுண்டு. கட்டாவிட்டால் இரண்டு மாதம் சிறை. கையில் காசு இல்லாததால் அவர் சிறைக்குப் போனார். சில நாட்களில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் தபாலில் பணம் அனுப்ப, வெளியே வந்துவிட்டார். அனுப்பியது யார் என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

ஜாடியின் சொந்தக்காரரான பிரபு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த இளைஞரின் குடும்பம் ஏழைக் குடும்பம், புத்தி பிசகிச் செய்த ஒரு காரியத்துக்காக அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆனால் நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. அதே 1845-இல், கலைப்பொருட்களைச் சேதப்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை என்று தனிச் சட்டம் வந்தது. ஆண் குற்றவாளிகளுக்குச் சவுக்கடியும் உண்டு.

முதல் முறை ஒட்டியது யார்?

அருங்காட்சியகத்தில் பழுதுபார்க்கும் வேலை செய்த ஜான் டபிள்டே. முதலில் துண்டுகளை எல்லாம் பரப்பி வைத்து, தாமஸ் ஷெப்பர்ட் என்ற ஓவியரைக்கொண்டு நீர்வண்ணத்தில் படம் வரைந்து பதிவு செய்தார்கள். ஜாடி முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று பார்க்க, வெட்ஜ்வுட்டின் நகல்களும் இருந்தன.

சம்பவம் நடந்த அதே ஆண்டு செப்டம்பரில் டபிள்டே வேலையை முடித்தார். அன்றைய பசையை வைத்து அவர் செய்தது பெரிய சாதனைதான். ஆனால் 37 சின்னச் சில்லுகளுக்கு அவரால் இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவை தனியாக எடுத்து வைக்கப்பட்டன.

அந்த 37 சில்லுகளும் பிறகு காணாமல் போயின. அவற்றை வைக்க 37 அறைகள் கொண்ட ஒரு பெட்டி செய்யச் சொல்லி, பெட்டி செய்பவர் ஒருவரிடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர் இறந்துவிட்டார். பெட்டியை வாங்க யாரும் வரவில்லை. பெட்டி செய்தவரும் காலமானார். அவர் விட்டுப்போன பொருட்களை மதிப்பிட வந்த ஒருவர் கண்ணில் இந்தச் சில்லுகள் பட்டன. இது என்னவென்று அவருக்கே தெரியாது. ஏதோ முக்கியமானது போல என்று 1948-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே எடுத்து வந்து கேட்டார். உடைந்து 103 ஆண்டுகள் கழித்து, சில்லுகள் வீடு திரும்பின.

இதற்கு நடுவில், 1929-இல் அப்போதைய பிரபு ஜாடியை ஏலத்துக்கு விட்டார். கேட்பு 29,000 கினி வரை போனது. எதிர்பார்த்த விலையைத் தொடாததால் விற்கவில்லை. 1945-இல்தான், ஒருவர் உயில் எழுதி விட்டுச்சென்ற நிதியின் உதவியுடன் அருங்காட்சியகம் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது.

ஒட்டியதை ஏன் மறுபடி பிரித்தார்கள்?

வீட்டில் உடைந்த கண்ணாடி டம்ளரை ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓட்டை, மண்பானையை ஒட்டுவது வேறு. அதில் நுண்துளைகள் இருக்கும். பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி அப்படி இல்லை. உடைந்த முகமும் வழவழ என்று இருக்கும், பசைக்குப் பிடிமானமே கிடையாது.

அடுத்த பிரச்சினை, கண்ணாடி வழியே வெளிச்சம் போகும். உள்ளே இருக்கும் பசையும் கண்ணுக்குத் தெரியும். நாள்பட நாள்பட வெளிச்சமும் காற்றும் பட்டுப் பசை மஞ்சளாகும், பிறகு மொறுமொறு என்று ஆகிவிடும். மொறுமொறுவென்று ஆன பசை பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். யாராவது தூக்கும் அன்றைக்குத்தான் உண்மை தெரியும்.

போர்ட்லாண்ட் ஜாடிக்கு இது இரண்டு முறை நடந்தது. டபிள்டேயின் ஒட்டு வேலை நூறு ஆண்டில் பழுதாக, 1948-49-இல் ஜே. ஆக்ஸ்டெல் ஜாடியைப் பிரித்து மீண்டும் ஒட்டினார். திரும்பி வந்த 37 சில்லுகளில் மூன்றுக்கு மட்டும்தான் அவரால் இடம் கண்டுபிடிக்க முடிந்தது.

அந்தப் பசை நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1987-88-இல் 'சீசர்களின் கண்ணாடி' என்ற பெரிய கண்காட்சி லண்டனில் நடந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் போனது. இந்த ஜாடியை மட்டும் அனுப்பவில்லை. பசை மஞ்சளாகி, வலுவிழந்து போயிருந்தது. பயணத்தைத் தாங்காது என்று முடிவு செய்தார்கள்.

இப்போது இரண்டே வழி. ஒன்று, அப்படியே விட்டுவிட்டு, எப்போது விழுமோ என்று காத்திருப்பது. இன்னொன்று, நாமே பிரித்து நல்ல பசையால் ஒட்டுவது. 2,000 ஆண்டு பழைய பொருளில் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். 1988 ஜூனில் நைஜல் வில்லியம்ஸும் சாண்ட்ரா ஸ்மித்தும் அந்த வேலையில் இறங்கினார்கள். சட்டன் ஹூ புதையலில் கிடைத்த, நொறுங்கிப்போன தலைக்கவசத்தை மறுபடி கட்டியெழுப்பியவர்தான் இந்த வில்லியம்ஸ்.

200 துண்டுகள், ஒரு தலைமுடி அளவு பிழை

முதலில் ஜாடியை எல்லாப் பக்கமும் படமெடுத்து, ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று வரைந்து வைத்துக்கொண்டார்கள். பிறகு ஜாடியின் உள்ளும் புறமும் ஒற்றுத்தாள் சுற்றி, பழைய பசையைக் கரைக்கும் திரவத்தை அதில் ஊறவிட்டார்கள். அவசரப்பட்டு அசைத்தால் விளிம்பு சிதறிவிடும். பசை தானாக இளகும்வரை நாட்கணக்கில் காத்திருந்தார்கள். தாளைப் பிரித்தபோது ஜாடி மறுபடியும் சிறு துண்டுகளின் குவியல். பிபிசி கேமரா இதையெல்லாம் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

பழைய பசைகள் எல்லாம் காலை வாரிவிட்டதால், புதுப் பசையைத் தேர்வு செய்யவே பல பசைகளைச் சோதித்தார்கள். இன்றைக்கு எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து நிறம் மாறாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. அதில் தேறிய ஒரு வகை எபாக்ஸி பிசினைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒட்டும் வேலையில் இருந்த பெரிய ஆபத்து, பார்த்தால் சின்ன விஷயம். கீழே இருந்து ஒவ்வொரு துண்டாக அடுக்கிக்கொண்டே மேலே போகிறார்கள். ஒரு துண்டு தலைமுடி அளவு சாய்ந்தாலும், அதற்கு மேல் வரும் துண்டு இன்னும் கொஞ்சம் சாயும். பிழை கூடிக்கொண்டே போய், கடைசித் துண்டு வைக்கும்போது அதற்கான இடம் சின்னதாகிவிட்டிருக்கும். துண்டு நுழையாது. அப்போது திரும்பிப் போகவும் முடியாது. வட்டமாகக் கட்டும் கிணற்றுச் சுவரில் முதல் வரிசை பிசகினால் என்ன ஆகுமோ, அதேதான்.

வேலையின் நடுவே ஒரு விஷயம் தெரியவந்தது. முன்பு ஒட்டியவர்கள், பொருந்தாத சில துண்டுகளின் விளிம்பை அரத்தால் ராவியிருக்கிறார்கள். ராவிய கண்ணாடி திரும்ப வளராது. அந்த இடங்களில் துண்டும் துண்டும் இனி ஒருபோதும் சரியாகச் சேராது. அன்றைக்கு அவர்களுக்கு அது எளிய வழியாகத் தெரிந்திருக்கும். இந்த ஜாடிக்கு நேர்ந்தவற்றில் கல்லடிக்கு அடுத்த பெரிய சேதம் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

அப்படியிருந்தும், மிகச் சிறிய சில சில்லுகளைத் தவிர எல்லாத் துண்டுகளும் இந்த முறை அவற்றின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெட்டிக்குள் நூறு ஆண்டு தொலைந்து கிடந்த சில்லுகளில் பலவும் அதில் அடக்கம். இன்னும் காலியாக இருந்த இடங்களை நீலம் அல்லது வெள்ளை நிறப் பிசினால் நிரப்பினார்கள். 1989 அக்டோபரில் வேலை முடிந்தது. இனி லேசாகத் துடைப்பதைத் தவிர, குறைந்தது நூறு ஆண்டுகளுக்குப் பெரிய பழுது வேலை தேவைப்படாது என்பது நிபுணர்களின் எதிர்பார்ப்பு.

இப்போது பார்க்க முடியுமா?

முடியும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரோமானியப் பேரரசுக்கான 70-ஆம் எண் அறையில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் போக நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒட்டுகள் சட்டென்று கண்ணில் படாது. விஷயம் தெரிந்து உற்றுப் பார்ப்பவர்களுக்குக் கோடுகள் தெரியலாம்.

பார்க்கப் போனால், ஜாடியின் அடியில் இருந்த வட்டத் தட்டையும் தேடிப் பாருங்கள். அதிலும் நீலத்தின் மேல் வெள்ளையாக, குல்லாய் அணிந்த ஒரு தலை செதுக்கப்பட்டிருக்கும். ஆனால் அது இந்த ஜாடியோடு பிறந்தது அல்ல. ஜாடியின் அசல் அடிப்பகுதி பழங்காலத்திலேயே உடைந்துபோனது. வேறொரு கண்ணாடிப் பொருளில் இருந்து வெட்டி எடுத்த தட்டை யாரோ அந்த ஓட்டையில் பொருத்தியிருக்கிறார்கள். அதாவது, டபிள்டே தொடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஜாடி ஒரு முறை பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. 1845-க்குப் பிறகு அந்தத் தட்டை ஜாடியோடு சேர்க்காமல் தனியாகவே வைத்திருக்கிறார்கள்.